கொடுத்த கை யாருடையது?

2024 ஜூன் 27 அன்று வெளியான நாக் அஸ்வினின் ‘கல்கி 2898 ஏடி’ படத்தின் கடைசிப் பகுதியில், அதுவரை காசுக்கு ஆள்பிடித்துத் திரிந்த பைரவன் என்ற கூலி வீரன் முற்பிறவியில் கர்ணனாக இருந்தவன் என்று தெரியவருகிறது. விஜயம் என்ற அந்தப் பழைய வில் அவன் கைக்கு வந்து சேர்கிறது. 2015இல் ஜப்பானில் தொடங்கிய ‘ஃபேட்/கிராண்ட் ஆர்டர்’ என்ற கைபேசி விளையாட்டிலும் கர்ணன் இருக்கிறான். வெள்ளை முடி, உடம்போடு ஒட்டிய பொற்கவசம், இந்திரன் கொடுத்த வேல். அந்த விளையாட்டு ஓடும் ஐபோன்களில் ஒரு பங்கு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் அசெம்பிள் ஆகிறது. தோற்றுச் சாகவே பிறந்தவன் என்று கதை குறித்துவிட்ட ஒரு வீரன், ஆயுதமும் ஆயுளும் திரும்பப் பெற்று மாயலோகப் போராளியாக நம் முன் நிற்கிறான். இதில் குறை காண அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த மறுபிறப்பு ஒரு பழைய சமயக் கேள்வியைக் கிளறிவிடுகிறது. முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்ட ஒருவன் செய்யும் செயல் அவனுடையதுதானா? அவனுடையதுதான் என்று காட்டத்தான் கர்ணன் கதை அவன் சாவை இத்தனை நூற்றாண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். மறுபுனைவு அவனைப் பிழைக்க வைப்பதால் கெடுவதில்லை. செயலை அவனிடமிருந்து பிடுங்கும்போதுதான் கெடுகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்கப் பொருத்தமான ஊர் ஸ்ரீபெரும்புதூர். பாரதம் இந்த வட்டாரத்துக்கு நேற்று வந்ததில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடு, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது; அங்குள்ள மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று ஒரு பங்கை அது ஒதுக்குகிறது. இன்றைக்கும் வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலையும் ஒரகடத்தில் லாரி ஆலையும் எழுந்த பிறகும், ஷிஃப்ட் பஸ் நிற்கும் ஊர்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு நின்றுவிடவில்லை. அதே ஸ்ரீபெரும்புதூரில்தான், மரபுக் கணக்குப்படி 1017இல், இராமானுசர் பிறந்தார். மனிதன் செய்கிறானா, மனிதனைக் கொண்டு செய்விக்கப்படுகிறதா என்ற கேள்வியை இந்தியச் சிந்தனையில் மிகக் கூர்மையாகக் கையாண்டவர்களில் அவர் ஒருவர். கூத்தும் இராமானுசரின் பாஷ்யமும் ஒரே மண்ணின் பேச்சு என்று யாரும் இணைத்துப் பார்ப்பது குறைவு. இணைத்துப் பார்த்தால் இரண்டுமே தெளிகின்றன.

முதலில் கர்ணனுக்கு என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். விதி தன்னை எங்கே கொண்டுபோகிறது என்று தெரியாமல் நடந்து போய்க் குழியில் விழுந்தவன் இல்லை அவன். வன பருவத்தில் சூரியன் கனவில் வந்து எச்சரிக்கிறான்: பிராமண வேடத்தில் இந்திரன் வருவான், கவசகுண்டலம் கேட்பான், கொடுத்தால் ஆயுள் போய்விடும். வருபவன் யார், எதற்காக வருகிறான், கொடுத்தால் என்ன ஆகும் என்ற மூன்றும் தெரிந்தே கர்ணன் அறுத்துக் கொடுக்கிறான். உத்தியோக பருவத்தில் கண்ணன் அவனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பிறப்பு ரகசியத்தைச் சொல்கிறான். நீயே மூத்தவன், அரசு உனக்கு, தம்பிகள் உன் காலடியில் என்கிறான். கர்ணனின் பதில் மகாபாரதத்தின் மிக அடர்த்தியான இடங்களில் ஒன்று. இந்தப் போரில் எங்கள் பக்கம் அழியும் என்று எனக்குத் தெரியும் என்கிறான். போரையே ஒரு வேள்வியாக விரித்து, அதில் யார் யார் என்ன பங்கு ஏற்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறான். என்னை வளர்த்த ராதையின் பாலையும் அதிரதனின் வீட்டையும் ராஜ்யத்துக்காக விட்டு வரமாட்டேன், துரியோதனனிடம் தின்ற சோற்றுக்குக் கடன் இருக்கிறது என்கிறான். இந்த ரகசியம் தருமனுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் அவன் அரசை என்னிடம் கொடுப்பான், நான் அதைத் துரியோதனனிடம் கொடுத்துவிடுவேன் என்றும் சேர்க்கிறான். முடிவைப் பற்றிய அறிவும் செயலைப் பற்றிய தீர்மானமும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. ஒன்று மற்றொன்றை அசைக்கவில்லை.

தமிழ் மரபு இதை எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு படி போனது. வில்லிபுத்தூராரின் பாரதத்தில் அர்ச்சுனனின் அம்பு பட்டு வீழ்ந்த கர்ணனின் உயிர் போகவில்லை. செய்த புண்ணியம் அதைப் பிடித்து நிறுத்துகிறது. கண்ணன் கிழப் பிராமணனாக வந்து கையேந்துகிறான். கொடுக்க எதுவும் இல்லாத நிலையில் கிடப்பவனிடம், நீ செய்த புண்ணியம் முழுவதையும் கொடு என்கிறான். தாரை வார்க்க நீர் இல்லை. மார்பில் தைத்த அம்பின் வழியே கசிந்த ரத்தத்தாலேயே தாரை வார்க்கிறான் கர்ணன். பிறகு கண்ணன் தன் உருவம் காட்டி வரம் கேள் என்கிறான். இனிமேல் பிறவி என்று ஒன்று வாய்த்தால், இல்லை என்று வருபவனிடம் இல்லை என்று சொல்லாத மனம் வேண்டும் என்று கேட்கிறான் அவன். வடமொழிப் பாரதத்தில் இல்லாத இந்தக் காட்சிதான் ‘கர்ண மோட்சம்’ கூத்தின் உச்சம். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கட்டி, திரை பிடித்து உள்ளே வரும் வேடக்காரர் இரவெல்லாம் பாடி ஆடி, விடியும் நேரத்தில் அத்தனை கட்டையும் உடம்பில் இருக்கத் தரையில் சாய்கிறார். அதற்கு முன் பொன்னுருவியோடு நடக்கும் நீண்ட வாக்குவாதம் இருக்கிறது. தேரோட்டி மகனுக்குத் தன்னைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று கணவனை இகழ்ந்தே வாழ்ந்த மனைவி அவள். போருக்குப் புறப்படும் வேளையில்தான் அவன் யாரென்று அவளுக்குத் தெரிகிறது. இந்தக் கூத்தை வடமாவட்டங்களில் திருவிழாவுக்கு மட்டும் வைப்பதில்லை. வீட்டில் ஒருவர் இறந்து கருமகாரியம் நடக்கும் இரவிலும் வைக்கிறார்கள். போன உயிர் நல்ல கதி அடைய வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பம் செலவு செய்து பார்க்கும் கதை இது. தன் வீட்டுச் சாவை மாற்ற முடியாது என்று தெரிந்தவர்கள், கர்ணனின் சாவை மாற்றும்படி கூத்தாடியிடம் கேட்பதில்லை. கடைசி நேரத்தில்கூட ஒருவன் எதையாவது செய்ய முடியும் என்பதைத்தான் பார்க்க வருகிறார்கள்.

இங்கேதான் இராமானுசர் துணைக்கு வருகிறார். ஸ்ரீபாஷ்யத்தில், பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், அவர் இரண்டு முடிவுகளை அடுத்தடுத்து நிறுவுகிறார். உயிர் செய்பவன்தான், அப்படி இல்லையென்றால் இதைச் செய், இதைச் செய்யாதே என்று சாத்திரம் யாரிடம் பேசுகிறது? அதே சமயம் அந்தச் செய்யும் ஆற்றல் இறைவனைச் சார்ந்தது. அவன் இசைவில்லாமல் எதுவும் நடவாது. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும்? அவர் காட்டும் உதாரணம் சொத்து விவகாரம். ஒரு பொருள் இருவருக்குப் பொதுச் சொத்து. ஒருவன் அதை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்க நினைக்கிறான். மற்றவன் சம்மதிக்காமல் கைமாறாது. ஆனாலும் கொடுக்க முதலில் நினைத்து, அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெற்றவன் எவனோ, கொடுத்ததன் பலன் அவனுக்கே. சிப்காட் நிலமெடுப்பின்போது கூட்டுப் பட்டாவில் பங்காளிகளின் கையெழுத்துக்காக அலைந்த எந்தக் குடும்பத்துக்கும் இந்த உதாரணத்தை விளக்க வேண்டியதில்லை. எல்லாக் கையெழுத்தும் ஒரே தாளில் இருந்தாலும், இதை ஆரம்பித்தவன் யார் என்பது ஊருக்கே தெரியும். இராமானுசரின் வாதத்தில் மனிதனின் முதல் முயற்சிதான் அந்த ஆரம்பம். இறைவன் அதைப் பார்த்தே இசைகிறான். கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைச் சொல்லி, தெய்வத்தை ஐந்தாவதாக வைக்கிறது. அந்தத் தெய்வம் உள்ளிருந்து இயக்கும் பரமாத்மாவே என்று உரை எழுதும்போதும், செய்பவன் என்ற இடத்தை இராமானுசர் அழிப்பதில்லை.

இந்தக் கண்ணோடு கர்ண மோட்சத்தைத் திரும்பப் பார்த்தால், கடவுள் ஏன் பிச்சைக்காரனாக வர வேண்டியிருந்தது என்பது விளங்கும். எல்லாம் வல்லவன் அந்தப் புண்ணியத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கதை அதை அனுமதிக்கவில்லை. கேட்டாக வேண்டும், கர்ணன் சரி என்று சொல்லியாக வேண்டும். சாவு அவன் கையில் இல்லை, கொடுப்பது அவன் கையில்தான் இருக்கிறது. கடவுளாலும் அதை அவனிடம் கேட்காமல் பெற முடியவில்லை. வில்லிபுத்தூரார் வைணவர் என்பதை நினைத்தால் இது தற்செயலாகத் தோன்றவில்லை. ஆனால் பாஷ்யம் படித்துவிட்டுத்தான் இதை எழுதினார் என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்லத் தேவையும் இல்லை. ஒரே உணர்வு மடத்திலும் கூத்துக் களரியிலும் தனித்தனியே முளைத்திருக்கலாம். எனக்கு அதுவே பெரிய செய்தியாகப் படுகிறது.

இதற்கு இராமானுசர் பக்கத்திலிருந்தே ஒரு தடை எழும். யாரை உயர்த்த நினைக்கிறானோ அவனைக் கொண்டு நல்லதும், யாரைத் தாழ்த்த நினைக்கிறானோ அவனைக் கொண்டு கெட்டதும் இறைவனே செய்விக்கிறான் என்று உபநிடதம் சொல்கிறதே. அப்படியானால் முதல் முயற்சி என்பது பேச்சுக்குத்தானே? இராமானுசர் இதைத் தவிர்க்கவில்லை. அந்த வாக்கியம் எல்லாரையும் பற்றியதல்ல என்கிறார். இறைவனுக்கு உகந்ததையே செய்வேன் என்று முழுமையாகத் திரும்பியவனை மேலும் அந்த வழியில் ஊக்குகிறான். நேர் எதிர்த் திசையில் ஊன்றி நிற்பவனை அந்த வழியிலேயே போக விடுகிறான். அங்கேயும் திரும்பியவன் மனிதன்தான். இந்தப் பதில் முழு நிறைவு தருகிறதா என்றால், எனக்கு ஓர் இடத்தில் இடிக்கிறது: முதன்முதலாகத் திரும்பும் அந்த மனச்சாய்வு எங்கிருந்து வந்தது என்றால் முன்வினை என்று பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இதைவிட நல்ல பதில் முழு விதிவாதத்திலும் இல்லை, விதியே கிடையாது என்பதிலும் இல்லை. முதல் கட்சிக்குக் கர்ணன் ஒரு பொம்மை. இரண்டாம் கட்சிக்கு, அவன் தொட்டில் போல ஒரு பெட்டியில் ஆற்றோடு விடப்பட்டதும் குருவின் சாபமும் தேர்ச்சக்கரம் புதைந்ததும் வெறும் விபத்துகள். இரண்டிலுமே அழுவதற்கு எதுவும் மிஞ்சாது.

இனி மறுபுனைவுகளுக்கு வரலாம். மாயலோக வீரன் என்ற வடிவமே கர்ணனைக் கெடுத்துவிடும் என்று முன்கூட்டி முடிவு செய்தவர்களுக்கு அந்த ஜப்பானிய விளையாட்டு ஒரு பதில். அதில் அவன் பெயரோடு ஒட்டி வரும் அடையாளம் கொடையாளி என்பதே. வேறு மண்ணில், வேறு சமயச் சூழலில், வேகமான சண்டைக்கென்று வரையப்பட்ட ஓர் உருவத்தில்கூட, கேட்டவனுக்கு மறுக்காதவன் என்ற முதுகெலும்பு பிழைத்திருக்கிறது. ‘கல்கி’ படத்தில் எனக்குள்ள மனக்குறை வேறு. அங்கே கர்ணன் திரும்பி வருவது வில்லாக, வலிமையாக. முன்பு தோற்றதற்கு இப்போது ஈடு என்ற ஆறுதலாக. அவன் ஏன் தோற்றான் என்ற கேள்விக்கு அந்த வில் பதில் சொல்கிறது. கர்ணனிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவன் ஏன் தோற்றான் என்பது முதல் பக்கத்திலிருந்தே எல்லாருக்கும் தெரியும். அவனிடம் கேட்க வேண்டியது, தோற்பேன் என்று தெரிந்தும் எதைக் கொடுத்தாய் என்பதுதான். பைரவனிடம் இதுவரை யாரும் எதையும் அப்படிக் கேட்கவில்லை. கதை இன்னும் முடியவில்லை என்பதால் தீர்ப்பையும் முடித்துவிட முடியாது.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. கர்ணனின் ‘விதி’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மனிதர்கள் செய்த அநியாயம். போட்டி அரங்கில் நீ என்ன குலம் என்று கேட்டவர்கள் தேவர்கள் இல்லை. தேரோட்டி மகன் என்று சிரித்தவர்களுக்கு எந்தச் சாபமும் தேவைப்படவில்லை. அப்படியிருக்க, முடிவை ஏற்றுக்கொண்டு கொடுத்துக்கொண்டே செத்தவனைப் போற்றுவது, ஒடுக்கப்பட்டவனுக்குப் பொறுமை போதிப்பது ஆகாதா? இந்தக் கேள்வியைத் தமிழ் சினிமா வாதமாக இல்லாமல் கதையாகவே கேட்டது. 1964 பொங்கலுக்கு வந்த பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ படத்தில் சிவாஜி அழகாகச் சாகிறார். 1991இல் மணிரத்னத்தின் ‘தளபதி’யில் கர்ணனான சூர்யா பிழைக்கிறான், நண்பன் தேவா சாகிறான். 2021இல் மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ இன்னும் தூரம் போகிறது. ஊரை அடித்து நொறுக்கும் போலீஸ் அதிகாரிக்கே கண்ணபிரான் என்று பெயர். கர்ணன் அவனைக் கொல்கிறான், சிறைக்குப் போகிறான், திரும்பி வந்து ஊரோடு ஆடுகிறான். கையேந்தி நின்ற தெய்வத்தின் பெயர் இப்போது பிடுங்குகிற அதிகாரத்தின் பெயராகிவிட்டது. இந்தக் கோபத்தை நான் முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். இராமானுசரின் பெயரைச் சொல்லி இதை அடக்கவும் முடியாது. அதே ஸ்ரீபாஷ்யம் சூத்திரருக்கு வேதக் கல்வி இல்லை என்று வாதிடும் பகுதியையும் கொண்டிருக்கிறது.

ஆனால் அந்த மறுப்பு என் வாதத்தைத் தாக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். எல்லாம் தலையெழுத்து என்ற பேச்சு, ஐந்தாவது காரணத்தை எடுத்து மற்ற நான்கின் மேல் போர்த்துவது. இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தில் அது அன்றாடப் பேச்சு. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, அவர்களில் பெண்கள் பலருக்கு, வேலை போனது. அதற்கு நிறுவனம் கைமாறியதும் வரித் தகராறும் சந்தை சரிந்ததும் என்று பெயர் சொல்லக்கூடிய காரணங்கள் இருந்தன. கிரகம் அவற்றில் இல்லை. 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி ஒரு மாதத்துக்கு மேல் பந்தலில் உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவானது. தலையெழுத்து என்று ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தப் பதிவு நடந்திருக்காது. மனிதன் செய்ததை மனிதன் மாற்றலாம், மாற்ற வேண்டும். அதைச் செய்யத் தடையாக நிற்பது செயல் என்னுடையதல்ல என்ற நினைப்புதான், அதைத்தான் கர்ணன் கதை உடைக்கிறது. மாரி செல்வராஜின் கர்ணன் சாவைத் தவிர்த்தாலும் செயலைத் தன் கையில் வைத்திருக்கிறான். அதனால் அவன் கர்ணன்தான். ஒரு வரலாறு அவன் முடிவை மாற்றுகிறது, அவனை மாற்றவில்லை. மனிதனால் மாற்ற முடியாத சாவு என்று ஒன்று மிச்சமிருக்கும் வரை, கருமகாரிய இரவில் ஆடும் கர்ணனுக்கும் வேலை இருக்கிறது. இரண்டு கர்ணன்களும் ஒருவரை ஒருவர் பொய்யாக்க வேண்டியதில்லை.

கடைசியாக, கர்ணனை நேசிப்பவர்கள் பேச விரும்பாத ஒன்று. சூதாட்ட மண்டபத்தில் திரௌபதியை இழிசொல் சொல்லி, ஆடையைக் களையச் சொன்னவன் அவன். அபிமன்யுவைச் சூழ்ந்து கொன்றவர்களில் அவனும் ஒருவன். பல நவீன மறுபுனைவுகள் இதைச் சாபத்தின் மேலும் சேர்க்கையின் மேலும் சாதி தந்த வலியின் மேலும் சுமத்தி அவனைக் கழுவிவிடுகின்றன. அன்பினால் செய்யப்படும் இந்தக் காரியம்தான் அவனுக்குச் செய்யக்கூடிய பெரிய கேடு. மண்டபத்தில் பேசிய வாய் விதியுடையது என்றால், தாரை வார்த்த கையும் விதியுடையதே. ஒன்றை மட்டும் அவன் கணக்கில் எழுத எந்தத் தத்துவத்திலும் வழியில்லை. வியாசரின் கர்ணன் இப்படித் தப்பிக்கப் பார்ப்பதில்லை. உத்தியோக பருவத்தில், துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்களைச் சுடுசொல்லால் பேசியதற்காக இன்று வருந்துகிறேன் என்று கண்ணனிடம் தானே சொல்கிறான். சக்கரம் புதைந்த வேளையில் தர்மம் தன்னைக் காக்கவில்லையே என்று முறையிடுகிறான், உண்மைதான். உடனே கண்ணன் அவன் செய்த ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்து, அப்போது உன் தர்மம் எங்கே போயிருந்தது என்று கேட்கிறான். கர்ணன் வெட்கித் தலைகுனிகிறான். பதில் பேசவில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், அவளுடைய களத்திலேயே, அவளை அவமதித்தவனின் சாவுக்கு ஊர் அழுகிறது. அடுத்து ‘பதினெட்டாம் போர்’ கூத்து, படுகளத்தில் துரியோதனனின் மண்ணுருவம் வெட்டுப்படுகிறது, அவள் கூந்தல் முடிகிறாள். கர்ணனுக்காக அழுதவர்கள் அவள் சபதத்தை ஒரு பிடிகூடக் குறைத்துக்கொள்வதில்லை. அவன் குற்றங்களை அடுக்கிய கண்ணனும் அவன் புண்ணியத்தைக் கேட்டுக் கையேந்திய கண்ணனும் தமிழ்க் காதில் ஒரே ஆள்தான். குற்றம் அவனுடையது என்று அறிந்திருந்ததால்தான், புண்ணியத்தையும் அவனிடமே போய்க் கேட்க வேண்டும் என்று அந்தத் தெய்வத்துக்குத் தெரிந்திருந்தது.